கடைசி மாத்திரைக்குப் பிறகு எத்தனை நாள்?

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, உற்றுப் பார்த்தால், ஒரே கேள்விதான். மாத்திரையை விட்டு நாலு நாளாகிறது, உடம்பிலிருந்து போயிருக்குமா? அடுத்த வாரம் ஆபரேஷன், எப்போது நிறுத்த வேண்டும்? கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன், இனி குழந்தைக்குப் போகாதல்லவா? வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாளைக்கே தொடங்கலாமா? எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது, கடைசி மாத்திரைக்குப் பிறகு மருந்து எத்தனை நாள் உள்ளே தங்குகிறது என்பதுதான். மாத்திரையின் பெயர் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வென்லாஃபாக்சின் என்றால் மூன்று நாளில் ஏறக்குறையக் காலி. ஃப்ளூவாக்செட்டின் என்றால் ஐந்து வாரம் கழித்தும் மிச்சம் இருக்கலாம்.

பெயர் என்று நான் சொல்வது அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயரை அல்ல, மருந்தின் பெயரை. நம் வீடுகளில் இவை எல்லாமே ‘தூக்க மாத்திரை’ அல்லது ‘நரம்பு மாத்திரை’. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், பராக்செட்டின் என்று ஏதாவது இருக்கும். அந்தப் பெயரைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுட்காலம் என்கிறோம். எஸ்சிடலோபிராமுக்கு அது சுமார் 30 மணி நேரம். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்குக் கடைசி மாத்திரை போட்டார் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் விடியற்காலை 3 மணிக்குப் பாதி இருக்கும். புதன் காலை கால் பங்கு. வியாழன் பிற்பகல் அரைக்கால். வெள்ளி இரவு மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. சனிக்கிழமை பின்னிரவில் மூன்று சதவீதம் போல மிஞ்சும். ஐந்து அரை ஆயுட்காலம் கழிந்தால் மருந்து போய்விட்டதாகக் கொள்ளலாம் என்பது இந்தக் கணக்கில் வந்ததுதான்.

கல்யாண சீசனில் தவறாமல் வரும் ஒரு கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. “ரெண்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்திட்டு, ரிசப்ஷன்ல கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?” இரண்டு நாள் நிறுத்தினாலும் எஸ்சிடலோபிராமில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயேதான் இருக்கிறது. மதுவோடு அது சேரத்தான் போகிறது. கூடவே, மாத்திரை குறைந்ததால் வரும் கிறுகிறுப்பும் சேரும். மதுவைத் தவிர்ப்பதுதான் நல்லது. முடியாதவர்கள் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லட்டும். அவர் திட்டுவார் என்ற பயத்தில் மாத்திரையை நிறுத்துவது இரண்டும்கெட்ட வேலை.

மற்ற மருந்துகளின் கணக்கு இது. செர்ட்ராலினுக்கு 26 மணி நேரம் என்பதால் ஐந்தாறு நாளில் வெளியேறும். மிர்டாசபின் ஆளுக்கு ஆள் மாறி நாலு முதல் எட்டு நாள். அமிட்ரிப்டிலின் கல்லீரலில் நார்ட்ரிப்டிலினாக மாறி அதுவும் வேலை செய்வதால் ஒரு வாரமோ சற்றுக் கூடவோ. வோர்டியாக்செட்டின் இரண்டு வாரம். இவையெல்லாம் நடுத்தர வயதில், கல்லீரல் நன்றாக இருப்பவர்களின் சராசரி. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களிடம் எஸ்சிடலோபிராமின் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. கல்லீரல் கெட்டிருந்தால் இன்னும் நீளும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே 10 மி.கி. எழுதினாலும் தாத்தாவின் இரத்தத்தில் மருந்து கூடுதலாகத் தேங்கும் என்பதற்காகவே முதியவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்குகிறோம்.

ஃப்ளூவாக்செட்டின் தனி ரகம். 1987 டிசம்பரில் அமெரிக்காவில் புரோசாக் என்ற பெயரில் அனுமதி பெற்று, உலகம் முழுக்கப் பரவிய மருந்து. தொடர்ந்து சாப்பிடுகிறவர்களிடம் அதன் அரை ஆயுட்காலமே நாலு முதல் ஆறு நாள். அதோடு விடுவதில்லை. கல்லீரல் அதை நார்ஃப்ளூவாக்செட்டின் என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது; அதுவும் மருந்துதான், அதன் அரை ஆயுட்காலம் நாலு நாளிலிருந்து பதினாறு நாள் வரை. ஆகவே ஐந்து வாரத்துக்குக் குறையாமல் அது உடம்பில் இருப்பதாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு 90 மி.கி. காப்ஸ்யூல் என்ற வடிவம் 2001-ல் வர முடிந்ததும் இந்தக் குணத்தால்தான்.

மறதிக்காரர்களுக்கும், வேலை நேரம் மாறி மாறி வரும் ஷிப்ட்காரர்களுக்கும் இது நல்ல குணம். ஒரு நாள் விட்டால் உடம்புக்குத் தெரியாது. நிறுத்தும்போதும் அது தன்னைத்தானே மெல்லக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஒத்துக்கொள்ளாமல் போனால் நாளைக்கே வெளியே அனுப்ப வழியில்லை. உடம்பெல்லாம் தடிப்பு வந்தாலும் படபடப்பு வந்தாலும் அடங்க நாளாகும். வேறு மருந்துக்கு மாற்றும்போது பழையதும் புதியதும் வாரக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். “அதை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு” என்று நோயாளி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் தகவல், ஃப்ளூவாக்செட்டின் விஷயத்தில் மட்டும், இப்போதும் சாப்பிடுகிறார் என்பதற்குச் சமம்.

எதிர்முனையில் வென்லாஃபாக்சின். அதன் அரை ஆயுட்காலம் ஐந்து மணி நேரம். அதிலிருந்து பிறக்கும் டெஸ்வென்லாஃபாக்சினுக்குப் பதினொன்று. மெதுவாகக் கரையும் காப்ஸ்யூலாகக் கொடுப்பதால் ஒரு வேளை போதுமானதாகிறதே தவிர, உள்ளே போனது வெளியேறும் வேகம் மாறுவதில்லை. காலையில் போட வேண்டியதை மறந்துவிட்டால் சாயங்காலமே தலை கிறுகிறுக்கும். டுலாக்செட்டினுக்குப் பன்னிரண்டு மணி நேரம். பராக்செட்டினுக்குக் காகிதத்தில் 21 மணி நேரம் என்றிருக்கும். செர்ட்ராலினை விட ஒன்றும் பெரிதாகக் குறைவில்லையே என்று தோன்றும். ஆனால் அது தன்னை வெளியேற்றும் நொதியைத் தானே அடக்கி வைத்திருக்கிறது. அளவு குறையக் குறைய நொதி விடுபட்டு, மிச்சமிருப்பதை இன்னும் வேகமாகக் காலி செய்கிறது. நிறுத்தினால் அதிகம் படுத்தும் மருந்துகளில் ஒன்றாக அது பெயர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1998-ல் அமெரிக்கச் சோதனை ஒன்றின் முடிவு வெளியானது. இந்த மருந்துகளில் நலமாக இருந்தவர்களுக்கு, அவர்களுக்கும் சிகிச்சை கொடுப்பவர்களுக்கும் எப்போது என்று தெரியாமல், ஐந்து முதல் எட்டு நாள் மட்டும் போலி மாத்திரை கொடுத்தார்கள். பராக்செட்டின், செர்ட்ராலின் சாப்பிட்டவர்களுக்குத் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல், கெட்ட கனவு எல்லாம் வந்தன. ஃப்ளூவாக்செட்டின்காரர்களிடம் அவ்வளவாக ஒன்றுமில்லை. பயத்தால் வருகிறது, மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாதபடி செய்த ஆய்வு அது.

அந்தத் தொல்லைகளில் ஒன்றை நோயாளிகள் சொல்லும் விதம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கிறது. “கண்ணைத் திருப்பினா தலைக்குள்ள சட்டுனு ஷாக் அடிக்குது டாக்டர்.” ஒரு நொடிதான், வலி இல்லை, ஆனால் பத்து முறை வந்தால் பக்கவாதமோ வலிப்போ என்று ஆள் அரண்டுவிடுவார். ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பியவர்கள் உண்டு. கடந்த ஒரு வாரத்தில் எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம். இந்த ஷாக்கோடு, குமட்டல், ஜுரம் வருவது போன்ற உடம்புவலி, காரணமில்லாத அழுகை ஆகியவையும் வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை. 2024-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தொல்லை வந்தது. போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு வந்தது. அதாவது உண்மையில் மருந்தால் வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வருவது அதிலும் மிகச் சிலருக்கு. மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாங்கள் வெகுகாலம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நிறுத்தியதால் வந்த தொல்லையா, பழைய நோயே திரும்பிவிட்டதா என்று பிரித்தறிய மருந்தின் காலக்கணக்குதான் கை கொடுக்கும். வென்லாஃபாக்சினை விட்ட மறுநாளும், எஸ்சிடலோபிராமை விட்ட மூன்றாம் நாளும் கிறுகிறுப்போடு வருவது பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு. மாத்திரையைத் திரும்பப் போட்டால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். நோய் அப்படித் திடுமென்று வராது. வாரங்கள், மாதங்கள் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, எதிலும் பிடிப்பின்மை என்று மெல்ல ஊறி வரும். மாத்திரையைத் திரும்பத் தொடங்கினாலும் பலன் தெரிய வாரங்களாகும். ஃப்ளூவாக்செட்டினில் மட்டும் இந்தக் கணக்குக் குழம்பும். நிறுத்தி மூன்று நாலு வாரம் கழித்துத்தான் தொல்லையே தொடங்கலாம். அதற்குள் மாத்திரை என்று ஒன்று இருந்ததையே வீட்டில் மறந்திருப்பார்கள்.

மருந்து உடம்பில் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. எஸ்சிடலோபிராமைத் தொடங்கினால் ஒரு வாரத்தில் இரத்தத்தில் அளவு நிலைபெற்றுவிடும். குமட்டல், தலைவலி, படபடப்பு எல்லாம் அந்த முதல் வாரத்திலேயே வந்துவிடும். மனம் லேசாவது மட்டும் இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம். கெட்டது முதலில், நல்லது பிறகு என்ற இந்த வரிசையால்தான் பலர் பத்தாம் நாளே அட்டையைத் தூக்கிப் போடுகிறார்கள். அதே மாதிரி, ‘மருந்து உடம்பை விட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சு, நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்பதும் பாதிக் கணக்கு; நோய் மாதங்கள் கழித்தும் திரும்பலாம். முதல் முறை மனச்சோர்வு வந்தவர்கள், நலமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு இரண்டு வருடம், அதற்கு மேலும்.

இரத்தத்தில் இல்லாமலேயே வேலை செய்யும் மருந்தும் உண்டு. ட்ரானில்சிப்ரோமின் என்ற பழைய மருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆனால் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. உடம்பு புதிதாக நொதியை உற்பத்தி செய்ய இரண்டு வாரமாகும். அதனால்தான் அதற்கும் மற்ற மனச்சோர்வு மருந்துகளுக்கும் நடுவே பதினாலு நாள் இடைவெளி. ஃப்ளூவாக்செட்டினிலிருந்து அதற்குப் போவதென்றால் ஐந்து வாரம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் தாறுமாறாக ஏறும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கால் தானாக உதறும், வயிற்றோட்டம், காய்ச்சல், நிலைகொள்ளாத தவிப்பு. முற்றினால் உயிருக்கு ஆபத்து. 108-ஐக் கூப்பிட வேண்டிய நிலை அது.

ட்ரானில்சிப்ரோமினை இங்கே அபூர்வமாகத்தான் எழுதுகிறோம். ஆனால் அதே நொதியை லேசாகத் தடுக்கும் லினிசோலிட் நம் ஆஸ்பத்திரிகளில் தாராளமாகப் புழங்குகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அது மாதக்கணக்கில் கொடுக்கப்படும் மருந்து. காசநோயோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சர்வசாதாரணம். காசநோய் மாத்திரை ஒரு பிரிவில், மனநல மருந்து இன்னொரு பிரிவில் வாங்குகிறவர்கள் இரண்டு சீட்டையும் இரண்டு டாக்டரிடமும் காட்ட வேண்டும். சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்றில்லை. கண்காணித்துக் கொடுக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதுமில்லை. தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் கொடுப்பதற்கும்தான் வித்தியாசம். பயந்துபோய்க் காசநோய் மருந்தைத் தானாக நிறுத்துவது இதைவிடப் பெரிய ஆபத்து. வலிக்குக் கொடுக்கும் ட்ராமடால், வறட்டு இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இரண்டுக்கும் இதே எச்சரிக்கை.

மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்ஸிஃபென் சாப்பிடும் பெண்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்து கல்லீரலில் மாறின பிறகுதான் முழு வீச்சில் வேலை செய்கிறது. மாற்றும் நொதியைப் பராக்செட்டினும் ஃப்ளூவாக்செட்டினும் பலமாகத் தடுக்கின்றன. ஃப்ளூவாக்செட்டினை நிறுத்தினாலும் அந்தத் தடை உடனே விலகாது. வென்லாஃபாக்சின், எஸ்சிடலோபிராம் போன்றவற்றில் இந்தச் சிக்கல் குறைவு. மனநல மருத்துவரிடம் புற்றுநோயைப் பற்றிச் சொல்லத் தயங்கும் பெண்களும், புற்றுநோய் மருத்துவரிடம் மனநல மருந்தைப் பற்றிச் சொல்லத் தயங்கும் பெண்களும் நிறையப் பேர்.

மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறோம் என்றே தெரியாதவர்கள் வேறு இருக்கிறார்கள். சர்க்கரை நோயில் பாதம் எரிகிறது என்று வாங்கும் காப்ஸ்யூலில் டுலாக்செட்டின் இருக்கும். ஒற்றைத் தலைவலிக்கு ராத்திரி போடும் 10 மி.கி. குட்டி மாத்திரை அமிட்ரிப்டிலின். ஆண்கள் யாரிடமும் சொல்லாமல் கடையில் வாங்கும் டபாக்செட்டின், உள்ளே போன வேகத்தில் இறங்கிவிடும் என்றாலும், இதே குடும்பம். செர்ட்ராலின் சாப்பிடுகிறவர் அதையும் போட்டுக்கொள்ளக் கூடாது. கால் எரிச்சல் குறைந்துவிட்டது என்று டுலாக்செட்டினை ஒரே நாளில் விட்ட பெரியவருக்கு மூன்றாம் நாள் வரும் தலைசுற்றலைச் சர்க்கரை இறங்கியதாக நினைத்து வீட்டில் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘பிளஸ்’ அல்லது அது போல ஒரு வால் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எஸ்சிடலோபிராமும் குளோனசிபாமும் ஒரே மாத்திரையில் கலந்து நம் நாட்டில் ஏராளமாக விற்கிறது. இதில் இரண்டு காலக்கணக்கு ஓடுகிறது. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று விட்டால், குளோனசிபாம் நின்றதால் தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பே வரலாம். எனக்கு இந்தக் கலவை மாத்திரைகள் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒன்றைக் குறைக்க வேண்டும், இன்னொன்றைத் தொடர வேண்டும் என்றால் அவற்றில் வழியில்லை. முதல் சில வாரத்துக்குத் தனித்தனி மாத்திரையாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இனி நிறுத்தும் முறை. ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க’ என்பது இங்கே வழிவழியாக வரும் யோசனை. ஃப்ளூவாக்செட்டினுக்குப் பொருந்தும், அதன் அளவு இடையில் பெரிதாக இறங்காது. பராக்செட்டினுக்கும் வென்லாஃபாக்சினுக்கும் அதைச் செய்தால், நாள் விட்டு நாள் ஆளை அவதிக்குள் தள்ளித் தூக்கிவிடுவதாகும். தினமும் போடுங்கள், அளவைக் குறையுங்கள் என்பதே சரி. குறைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கமான அளவுகளிலேயே இந்த மருந்துகள் மூளையில் தாங்கள் பற்ற வேண்டிய இடங்களில் ஐந்தில் நான்கைப் பிடித்துவிடுகின்றன. அளவைப் பாதியாக்கினாலும் பிடி கொஞ்சம்தான் தளரும். கடைசிச் சிறு அளவிலிருந்து பூஜ்யத்துக்கு வரும்போதுதான் பெரிய சரிவு. மேல்படிகள் சின்னவையாகவும் தரையை ஒட்டிய படி ஆளுயரமாகவும் இருக்கும் மாடியிலிருந்து இறங்குவது போல. லண்டனில் மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் 2019-ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள். பிறகு பிரிட்டனின் வழிகாட்டுதல்களும் அந்தப் பக்கம் திரும்பின. இங்கே 5 மி.கி. எஸ்சிடலோபிராம் கிடைக்கிறது, அதையும் பாதியாக்கிச் சில வாரம் போட்டுவிட்டு நிறுத்தலாமா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையையும் டுலாக்செட்டின் காப்ஸ்யூலையும் மட்டும் உடைக்கவோ மெல்லவோ கூடாது.

கர்ப்பம் உறுதியான அன்றே மாத்திரையைக் குப்பையில் போடுவதில் பயனில்லை. மாதவிலக்குத் தள்ளிப்போனது தெரியும்போதே கரு சில வாரம் அந்த மருந்தோடு இருந்தாகிவிட்டது. ஃப்ளூவாக்செட்டின் என்றால் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். திடீர் நிறுத்தத்தால் தாய்க்கு நோய் திரும்பினால் அது குழந்தைக்கும் கேடு. அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மாத்திரையை அதுவரை தொடருங்கள். பால் கொடுக்கும்போது செர்ட்ராலினைப் பெரும்பாலும் விரும்புவதற்குக் காரணம், பால் வழியே குழந்தைக்குப் போவது மிகச் சொற்பம் என்பதுதான். நீண்ட ஆயுளுள்ள ஃப்ளூவாக்செட்டின் பிஞ்சு உடம்பில் தேங்கக்கூடும். ஆபரேஷனுக்கும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பவரிடம் பெயரையும் அளவையும் சொன்னால் போதும். ஆஸ்பிரின் அல்லது வலி மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்றால் இரத்தக் கசிவு கூடும் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நோன்பு இருப்பவர்கள் இரவு உணவுக்குப் பின் ஒரே வேளையாகப் போடக்கூடியதாக மருந்தை அமைத்துக்கொள்ளலாம். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் மூன்றுக்கும் இதில் சிரமமில்லை. நாளுக்கு இரண்டு வேளை சாதாரண வென்லாஃபாக்சின் சாப்பிடுகிறவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மெதுவாகக் கரையும் வடிவத்துக்கு மாறிக்கொள்வது நல்லது.

நேற்று மறந்துவிட்டது, இன்று இரண்டாகப் போடலாமா? வேண்டாம். அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுவிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம் போல ஒன்று போதும். அட்டை தீர்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை, ஊர் புதிது, கடைக்காரர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்கிறார் என்றால், அவர் செய்வது சரிதான். போனில் இருக்கும் பழைய சீட்டின் படத்தோடு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசி வழி கேட்கலாம். ஃப்ளூவாக்செட்டின்காரர் திங்கட்கிழமை வரை பதறாமல் இருக்கலாம். வென்லாஃபாக்சின், பராக்செட்டின், டுலாக்செட்டின்காரர்கள் அன்றைக்கே கிளம்ப வேண்டும். அட்டையில் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைக்க வேண்டியவர்களும் அவர்களே.